லவுத்தோக்காவில் பதினோரு நிழல்கள்

நந்தி விமான நிலையத்தில் சுங்க அதிகாரி என்னைச் சந்தேகப்பட்டார். எனக்கு அவரைப் பிடித்துப்போனது. காதோரம் செம்பருத்தி வைத்த பெரிய உருவம், வாய் நிறையச் சிரிப்பு. ஆனால் கை மட்டும் என் பெட்டியின் அடிவரைக்கும் போய்வந்தது. பெட்டியில் இருந்தவை: பிளாஸ்டிக் கட்டைகள் ஆறு, படிக்கட்டு போல வெட்டிய அலுமினியத் துண்டு ஒன்று, கதிர்வீச்சு அளக்கும் கருவி ஒன்று, ஈய எழுத்துகள் ஒரு பொட்டலம், எலுமிச்சை ஊறுகாய் ஒரு புட்டி. ஊறுகாயை முதலில் எடுத்துத் தனியே வைத்தார். பிறகு கட்டைகளைக் காட்டி இது என்ன என்று கேட்டார்.

"மனித உடம்புக்குப் பதிலாக வைப்பது" என்றேன்.

உண்மைதான். ஆனால் ஒரு வருடத்துக்கு முன்பு துப்பாக்கிக்காரர்கள் நாடாளுமன்றத்துக்குள் புகுந்து பிரதமரையும் மந்திரிகளையும் வாரக்கணக்கில் பிடித்து வைத்திருந்த நாட்டில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. இன்னும் இரண்டு பேர் வந்தார்கள். கட்டைகளுக்கு ரசீது கொடுத்தார்கள், ஊறுகாய்க்குக் கொடுக்கவில்லை.

நான் கோயம்புத்தூரில் எக்ஸ்ரே இயந்திரம் செய்யும் ஒரு நிறுவனத்தில் சர்வீஸ் இன்ஜினியர். லவுத்தோக்காவில் ஒரு தனியார் மருத்துவமனை எங்கள் இயந்திரத்தை வாங்கியிருந்தது. இரண்டு மாதமாக நெஞ்சுப் படங்களில் நிழல் விழுகிறது, இதுவரை பதினோரு பேருக்கு என்று அங்கிருந்து புகார் வந்தது. போகவேண்டியவர் என் சீனியர். அவருக்கு மஞ்சள் காமாலை. ஒரு பெண்ணைத் தனியாக அனுப்பலாமா என்று மேலே மூன்று நாள் யோசித்துவிட்டு, வேறு ஆள் இல்லாததால் என்னை அனுப்பினார்கள்.

ஃபிஜியைப் பற்றி நான் விமானத்தில் எழுதி வைத்துக்கொண்டது இவ்வளவுதான். முந்நூற்றுச் சொச்சம் தீவுகள். இரண்டே பெரியவை. நிலத்தின் பெரும்பகுதி ஃபிஜியர்களின் குலங்களுக்குச் சொந்தம். அதில் கரும்பு நட்டுப் பிழைப்பவர்கள் பெரும்பாலும் இந்தியர்கள், குத்தகைக்கு. மதராசிலும் கல்கத்தாவிலும் கப்பலேற்றப்பட்ட கூலிகளின் பேரப்பிள்ளைகள். குத்தகைகள் முடிந்துகொண்டு வருகின்றன. ஆட்சிக் கவிழ்ப்பு இது முதல் முறையல்ல. ஒவ்வொரு கவிழ்ப்புக்குப் பிறகும் போக முடிந்தவர்கள் போகிறார்கள்.

டாக்சி ஓட்டியவர் அதையே இந்தியில் சுருக்கமாகச் சொன்னார். "நாங்க எல்லாரும் வெளியே போறோம். நீ உள்ளே வர்றே. உனக்கு யாரும் சொல்லலையா பெஹென்?" மீட்டர்மேல் ஒரு துண்டு போட்டு மூடியிருந்தது. கிலோமீட்டர் எண்ணைக் குறித்துக்கொண்டேன். அவர் கேட்டது சரியான தொகைதான். அதற்கும் ஒரு காரணம் இருக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

தங்குவதற்கு மருத்துவமனை டாக்டர் ஏற்பாடு செய்திருந்த வீடு முனுசாமி என்பவருடையது. சரியாகச் சொன்னால் அவருடைய அண்ணனுடையது. அண்ணன் குடும்பம் வான்கூவர் போய்விட்டது. பா என்ற ஊர்ப்பக்கம் கரும்பு போட்டுக்கொண்டிருந்த தம்பி, குத்தகை புதுப்பிக்கப்படாததால் மனைவியோடும் ஏழு வயது மகளோடும் இங்கே வந்து, முன்னறையை வெளியூர்க்காரர்களுக்கு விடுகிறார். அவருக்குத் தமிழ் வராது. வீட்டில் இந்தி, வெளியில் இங்கிலீஷ். மனைவி சரோஜாவின் அப்பா பாவில் கோயில் பூசாரியாக இருந்தவர். அதனால் அவருக்கு மட்டும் தமிழ் இருந்தது. சினிமா பார்க்காத தமிழ்.

முதல் நாள் சாப்பாடு ரொட்டி, டின் மீன் குழம்பு, தேங்காய்ப்பாலில் வெந்த சேப்பங்கிழங்கு இலை. கீரை மாதிரி இருந்த அதை இரண்டாம் முறை கேட்டு வாங்கினேன். சாப்பிட்டு முடித்து, அலமாரி ஓரத்தில் தனியே கவிழ்த்திருந்த பீங்கான் தட்டை எடுத்து வைக்கப் போனேன்.

"அத்தெ தொடாதே தங்கச்சி" என்றார் சரோஜா, கதவருகே நின்றபடியே. "அது என்னுது. எனக்கு மார்ல சீக்கு."

அவரும் அந்தப் பதினோரு பேரில் ஒருவர் என்பது அப்போதுதான் எனக்குத் தெரிந்தது. ஆக்லாந்தில் ஒரு பஸ் ஒர்க்‌ஷாப்பில் முனுசாமிக்கு வேலை கிடைத்திருந்தது. விசாவுக்கு மூன்று பேரும் நெஞ்சுப் படம் எடுத்தார்கள். கணவருக்கும் மகளுக்கும் சுத்தம். சரோஜாவுக்கு வலது நுரையீரலின் மேல்பகுதியில் நிழல். இன்னொரு முறை எடுத்தார்கள், இன்னொரு நிழல். அந்த இடத்தில் நிழல் என்றால் காசநோய் என்று சந்தேகிப்பது மருத்துவ வழக்கம். சளியை வளர்த்துப் பார்க்க எட்டு வாரம் ஆகும். வேலை எட்டு வாரம் காத்திருக்காது. முனுசாமி அடுத்த திங்கட்கிழமை பதில் சொல்லியாக வேண்டும். அவரும் மகளும் முதலில் போவது, சரோஜா பிறகு வருவது என்று பேச்சு.

"அப்பறம்னா எப்பன்னு கேட்டேன். அப்பறம்னு சொன்னாரு" என்றார். சிரித்தார். மகள் பிரியா அந்த அறையின் எதிர்மூலையில் உட்கார்ந்து வீட்டுப்பாடம் எழுதிக்கொண்டிருந்தாள். ஆறு வாரமாக அவள் அப்பாவோடு படுக்கிறாள் என்று தெரிந்துகொண்டேன். ஆக, செவ்வாய் முதல் சனி வரை எனக்கு ஐந்து நாள் இருந்தது.

செவ்வாய்க்கிழமை மருத்துவமனைக்குப் போனேன். டாக்டரின் அறைச் சுவரில் சான்றிதழ்கள் மாட்டியிருந்த இடங்களில் வெளிறிய செவ்வகங்கள் இருந்தன. அவரும் கிளம்புகிறார் என்று ஊகித்தேன். கேட்கவில்லை. இயந்திரம் கோளாறு என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை. கோளாறு என்று நான் எழுதித் தரமாட்டேன் என்பதிலும் சந்தேகம் இல்லை. "உங்கள் கம்பெனி உங்களை அனுப்பியது இயந்திரத்தைக் காப்பாற்றத்தானே" என்றார், டீ கொடுத்துக்கொண்டே.

எக்ஸ்ரே எடுப்பவர் பெயர் ஜோனே. ஃபிஜியர், தலைநகர் சுவா பக்கத்தவர். ஆறடிக்கு மேல் உயரம். வேலை செய்யும்போது மூக்குக்குள்ளேயே கீர்த்தனை பாடினார். என் முகத்தைப் பார்த்துப் பேசவில்லை. இருட்டறைச் சாவியைக் கழுத்தில் மாட்டியிருந்தார். மூன்றையும் குறித்துக்கொண்டேன்.

அவருக்கு முன்பு அந்த வேலையில் இருந்தவர் ராதிகா என்ற இந்தியப் பெண். பத்து வருடம் இருந்துவிட்டு, இரண்டு மாதத்துக்கு முன் குடும்பத்தோடு ஆஸ்திரேலியா போய்விட்டார். நிழல் ஆரம்பித்ததும் இரண்டு மாதத்துக்கு முன்தான்.

அன்று இரவுக்குள் என் சந்தேகப் பட்டியல் தயாரானது. ஒன்று, எக்ஸ்ரே குழாய். இரண்டு, எக்ஸ்ரே பிலிமை வைக்கும் கேசட்டுக்குள் கரித்தூள். லவுத்தோக்காவில் சர்க்கரை ஆலை ஓடும் பருவம் அது. எரித்த கரும்பின் கரி வானத்திலிருந்து உதிர்ந்து கொடியில் காயும் துணியில் எல்லாம் ஒட்டுகிறது, ஊரே வெல்லப்பாகு வாசம். மூன்று, படம் கழுவும் ரசாயனம். நான்கு, படம் பார்க்கும் விளக்கு. ஐந்தாவது எண்ணைப் போட்டுவிட்டுக் காலியாக விட்டேன்.

புதன்கிழமை காலை என் கட்டைகளை மீட்க நந்திக்குப் பஸ் ஏறினேன். இந்தப் பஸ்களின் ஜன்னல்களுக்குக் கண்ணாடி கிடையாது. சுருட்டி வைத்த தார்ப்பாய்தான், மழை வந்தால் அவிழ்த்துவிட வேண்டும். மழை வந்தது. என் பக்கத்துத் தார்ப்பாயின் கயிறு அறுந்திருந்தது. பின் சீட்டுக்காரர் தலைக்குமேல் இருந்த தன் பையை எடுக்க எழுந்தவர், "துலோ, துலோ" என்று என்னிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே என் தலைக்குமேல் கையை நீட்டினார். காந்திபுரத்தில் யாரும் என்னிடம் அப்படிக் கேட்டதில்லை என்பதால் என் கைப்பையைத் தடவிப் பார்த்துக்கொண்டேன். எல்லாம் இருந்தது.

கட்டைகள் நந்தியில் இல்லை. பரிசோதனைக்காகச் சுவா போயிருந்தன. சுவா இருப்பது இந்தத் தீவின் மறுகோடியில். திரும்பும் வழியில் கரும்பு ரயில் ஒன்று ரோட்டைக் குறுக்கே மறித்து நின்றுவிட்டது. எஞ்சின் டிரைவர் இறங்கி யாரோ தெரிந்தவரோடு பேசினார். எங்கள் டிரைவரும் இறங்கி அந்தப் பேச்சில் சேர்ந்தார். பயணிகள் ரயில் பெட்டியிலிருந்து கரும்பு உருவிக் கடித்தார்கள். எனக்கும் ஒரு துண்டு வந்தது. எரித்த கரும்பு, கைகள் கறுத்துப்போயின. நம் ஊரில் இத்தனை நேரம் நின்றிருந்தால் நான்கு சண்டையாவது நடந்திருக்கும். இங்கே ஒருவரும் முணுமுணுக்கவில்லை. இப்படி முணுமுணுக்காத ஊரில் எப்படித் துப்பாக்கி வந்தது என்பது எனக்குப் புரியவில்லை. பக்கத்தில் இருந்த இந்தியப் பெரியவரிடம் கேட்டேன். அவர் முன்னால் இருந்த ஃபிஜியர்களைப் பார்த்துவிட்டு, வெயில் அதிகம் என்றார்.

ஐஸ்கிரீம் விற்கும் இரண்டு லிட்டர் டப்பா ஒன்றைக் கடையில் வாங்கித் தண்ணீர் நிரப்பினேன். மனித உடம்புக்குப் பதிலாக அதை வைத்துப் படம் எடுத்தேன். சுத்தம். கேசட்டுகளை ஒவ்வொன்றாகத் திறந்து துடைத்து எடுத்தேன். எடுத்த எட்டும் சுத்தம். குழாய் சரி, ரசாயனம் சரி, விளக்கு சரி. இயந்திரத்தில் குறை இல்லை என்பது ஒரு சர்வீஸ் இன்ஜினியருக்கு நல்ல செய்தி. அன்று எனக்கு அப்படி இல்லை. நான் பக்கத்தில் நின்றால் சுத்தமாக வருகிறது என்றும் அதற்கு அர்த்தம் எடுக்கலாம்.

வியாழக்கிழமை இரண்டு மாதப் படங்களையும் எடுத்துவைத்துக் கட்டம் போட்டேன். பெயர், வயது, ஆணா பெண்ணா, எந்தப் பக்கம், எடுத்தது யார். நிழல் விழுந்தவர்கள் பதினோரு பேர். பதினோரு பேரும் பெண்கள். எல்லாரும் இந்தியர்கள். எல்லாரையும் எடுத்தது ஜோனே. ஒன்பது பேருக்கு வலப்புறம், இரண்டு பேருக்கு இடப்புறம். அதே இயந்திரத்தில் படம் எடுத்து வெளிநாட்டு வேலைக்குப் போன ஃபிஜிய நர்சுகள் ஒருவருக்கும் நிழல் இல்லை. ஐ.நா. அமைதிப்படைக்குப் போகும் இளைஞர்களுக்கும் இல்லை.

அந்தக் கட்டத்தைப் பார்த்ததும் என் கை தானாக நோட்டை மூடியது.

டாக்டரின் வரவேற்பறையில் காத்திருந்த ஒருவர், நான் இந்தியாவிலிருந்து வந்தவள் என்று தெரிந்ததும் குரலைத் தாழ்த்தி, மெஷின்கிட்ட நிற்கிறானே அவன் பெரியப்பா மகன் நாடாளுமன்றத்துக்குள் துப்பாக்கியோடு இருந்தவன் என்றார். கேட்டுக்கொண்டேன். அன்று மதியமே நான்கு கேசட்டுகளுக்குள் யாருக்கும் தெரியாமல் ஒரு சிறிய ஈய எழுத்தை ஒட்டிவைத்தேன். ஈயம் படத்தில் வெள்ளையாகப் பதியும். ஜோனே வேறு படத்தை மாற்றி வைத்தால் எழுத்து இல்லாத படம் வரும், மாட்டிக்கொள்வார்.

ஒரு மணி நேரத்தில் ஜோனே என்னிடம் வந்தார். தரையைப் பார்த்தபடி உள்ளங்கையை விரித்தார். நான்கு எழுத்தும் இருந்தன.

"கேசட்டுக்குள்ள விழுந்து கிடந்துச்சு மேடம். உங்களுது. தொலைஞ்சா தேடுவீங்க."

நன்றி சொன்னேன். அவருக்குத் தெரிந்துவிட்டதா, தெரியாததுபோல் இருக்கிறாரா என்று மாலை வரை யோசித்தேன். நான்கரை மணிக்கு வேலை முடிந்ததும் ஊழியர்கள் பின்கட்டில் பாய் விரித்து, ஒரு பிளாஸ்டிக் பேசினில் யங்கோனா கலக்கினார்கள். மிளகுக் குடும்பத்துச் செடி ஒன்றின் வேரைப் பொடித்துத் தண்ணீரில் பிழிவது. இந்தியர்கள் இதற்கு கிராக் என்று பெயர் வைத்திருக்கிறார்கள், அவர்களும் சமமாகக் குடிக்கிறார்கள். என்னையும் கூப்பிட்டார்கள். வாங்கும்முன் ஒருமுறை கை தட்ட வேண்டும், குடித்தபின் மூன்று முறை. ஒரே தேங்காய்ச் சிரட்டை எல்லார் வாய்க்கும் போய்வந்தது. காசநோய்க்குப் படம் எடுக்கும் இடம் இது. குடித்தேன். சேறு கரைத்த தண்ணீர்போல இருந்தது, பிறகு நாக்கு பத்து நிமிடம் மரத்திருந்தது. ஜோனே என்னைவிடத் தாழ்வாக, பாயின் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இந்தியில் ஒரு நகைச்சுவை சொன்னார், அத்தனை பேரும் சிரித்தார்கள். அவருடைய இந்தி என்னுடையதைவிட நன்றாக இருந்தது.

வெள்ளிக்கிழமை காலை அவர் வருவதற்கு முன்பே போய்விட்டேன். திருப்புளி தேடுவதாக எனக்கே ஒரு காரணம் சொல்லிக்கொண்டு, பெண்கள் உடை மாற்றும் தடுப்புக்குள் இருந்த மேசையின் அடி டிராயரைத் திறந்தேன். ஒரு பிஸ்கட் டின். உள்ளே பெண்கள் தலையில் குத்தும் பெரிய கிளிப்புகள் இருபதுக்கு மேல், கொண்டை ஊசிகள், நீளமாகக் கிழித்த காஸ் துணிப் பட்டைகள் ஒரு கட்டு. சில கிளிப்புகளில் முடி சிக்கியிருந்தது.

பெண்களின் பொருள்கள். ஓர் ஆண் வேலை செய்யும் அறையில். ஒளித்து வைத்தபடி. என் பட்டியலின் ஐந்தாவது எண்ணுக்கு நேரே அவர் பெயரை அப்போது எழுதினேன் என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும்.

அவர் வந்ததும் டின்னை மேசைமேல் வைத்து, இது யாருடையது என்று கேட்டேன். குரலை உயர்த்தவில்லை. எனக்கு உயராது.

"ராதிகா விட்டுட்டுப் போனது" என்றார். "எதுக்குன்னு தெரியல. அவங்க சாமானாச்சே, தூக்கிப் போட மனசு வரல."

"நோயாளிகளின் முடி இதில் இருக்கிறது."

"இருக்கும் மேடம். அவங்க பொம்பளை, இந்தியக்காரங்க. அவங்க தலையைத் தொட்டா ஒண்ணும் இல்ல. நான் தொடறதில்லை."

அவர் படம் எடுப்பதை நான் மூன்று நாள் பார்த்திருந்தேன். தோளைப் பக்கவாட்டில் திருப்புவார், கையை இடுப்பில் வைக்கச் சொல்வார். கழுத்துக்கு மேலே அவர் கை போனதே இல்லை. முகவாயை உயர்த்த வேண்டுமென்றால் வாயால் சொல்வார். இந்தியர்களைத் தொட அருவருப்பு என்று அதையும் நான் எழுதி வைத்திருந்தேன். ஏன் தொடுவதில்லை என்று கேட்டேன்.

"தலை மேடம்" என்றார். வேறு விளக்கம் தேவை என்பதே அவருக்குத் தோன்றவில்லை. கொஞ்சம் பொறுத்து, "என் பொண்டாட்டி தலைக்குமேல ஒரு சாமானை எடுக்கணும்னாலும் கேட்டுட்டுத்தான் எடுப்பேன். இங்க வர்றவங்க அடுத்தவங்க வீட்டு அம்மா. அவங்க தலையில நான் எப்படிக் கை வைக்கிறது?"

பஸ்ஸில் என் தலைக்குமேல் கை நீட்டியவர் கேட்ட துலோ நினைவுக்கு வந்தது. தடுப்பில் தொங்கிய அங்கியைப் பார்த்தேன். பின்பக்கம் நாடா கட்டும் அங்கி. நாடாவில் சிக்காமலிருக்க ஒரு பெண் தன் பின்னலை என்ன செய்வாள்? தோளுக்கு முன்னால் எடுத்துப் போடுவாள். வலது கைக்காரி வலப்புறம் போடுவாள், இடது கைக்காரி இடப்புறம். அங்கி அதை மூடிவிடும். காலையில் தலைக்கு ஊற்றி, தேங்காயெண்ணெய் வைத்து, ஈரம் காயாமல் இறுக்கிப் பின்னிய கனத்த பின்னல், சரியாக வலது நுரையீரலின் உச்சிமேல். பார்ப்பது கதிர்வீச்சு. அதற்கு முடியும் சதையும் வேறு வேறு அல்ல. அந்த இரண்டு மாதத்தில் நிழல் விழாத இந்தியப் பெண்களும் நான்கு பேர் இருந்தார்கள், அவர்களைப் பற்றி ஜோனேயிடம் கேட்டேன். இரண்டு பேர் கொண்டை போட்ட கிழவிகள், இரண்டு பேர் கத்தரித்த முடி வைத்த பாங்க் ஊழியர்கள். ஃபிஜியப் பெண்கள் முடியைப் பந்துபோல் குட்டையாக வைத்திருக்கிறார்கள்.

ராதிகா பத்து வருடமாக ஒவ்வொருத்தியின் பின்னலையும் தூக்கிக் கட்டியிருக்கிறார். அதை ஒரு வேலை என்று நினைக்கவில்லை, அதனால் யாரிடமும் சொல்லிவிட்டுப் போகவில்லை. ஜோனேயின் வீட்டில் பின்னல் கிடையாது. டாக்டர் படத்தை மட்டும்தான் பார்ப்பவர். என்னைப் பொறுத்தவரை, கல்லூரியில் சேர்ந்த வருடமே கழுத்தளவுக்கு வெட்டிக்கொண்டவள் நான். அந்த அறையில் இருந்த ஒருவருக்கும் பின்னல் என்ற பொருள் நினைவில் இல்லை.

நிரூபிக்க வேண்டும். இதற்காக ஒரு பெண்மேல் கதிர்வீச்சுப் பாய்ச்சக் கூடாது. கடைத்தெருவில் கல்யாணச் சாமான் விற்கும் கடைக்குப் போய்ச் சவுரி கேட்டேன். கடைக்காரர் என் தலையைப் பார்த்து, இதில் எங்கே வைப்பீர்கள் என்றார். ஐஸ்கிரீம் டப்பாவுக்கு என்றேன். அவர் விலையைக் குறைத்துவிட்டார்.

சவுரியை நனைத்து, எண்ணெய் தடவி, பின்னி, தண்ணீர் டப்பாவின்மேல் தொங்கவிடுமாறு ஜோனேயிடம் கொடுத்தேன். அவர் தயங்கினார். இது யார் தலையும் இல்லையே என்றேன். ஆமாம் என்று தலையாட்டிவிட்டு, சவுரியிடம் மெல்ல "துலோ" என்று சொல்லித்தான் வாங்கினார்.

படம் கழுவி வெளிச்சப் பெட்டியில் மாட்டினோம். நிழல். மங்கலான வெளுப்பாக, வரிவரியாக, சரோஜாவின் இரண்டாவது படத்தில் இருந்ததைப் போலவே. அவர் படத்தை எடுத்துப் பக்கத்தில் வைத்துப் பார்த்தபோது இன்னொன்றும் தெரிந்தது. நிழல் நுரையீரலோடு நிற்காமல் எல்லையைத் தாண்டிக் கழுத்துக்குள் போயிருந்தது. நுரையீரல் நோய்க்குக் கழுத்தில் வேலை இல்லை. ஆறு வாரமாக அது அங்கேதான் இருந்தது.

ஜோனே வெகுநேரம் அதைப் பார்த்தார். "நான் வேணும்னு செய்றேன்னு சொல்லிக்கிட்டிருந்தாங்க இல்லையா" என்றார்.

ஆமாம் என்றேன்.

"நீங்களும்."

"நானும்."

"என் பெரியப்பா மகன் உள்ளே இருந்தான்றது நிஜம்தான்" என்றார். அந்த வாக்கியத்தை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை. ஐந்தாவது எண்ணுக்கு நேரே இருந்த பெயரை அடித்தேன்.

டாக்டர் என் விளக்கத்தை முழுவதும் கேட்டுவிட்டு, உங்கள் கம்பெனிக்கு நல்ல வசதியான காரணம் என்றார். பிறகு சவுரிப் படத்தை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பதினோரு பேரின் கோப்புகளையும் எடுத்துவரச் சொன்னார். பதினோரு பேரையும் திரும்ப வரச்சொல்லிப் போன் செய்யும் வேலை ஜோனேக்கு. முதல் இரண்டு பேர் அவர் பெயரைக் கேட்டதுமே வைத்துவிட்டார்கள். டாக்டரே பேசினார். இதற்கு எவ்வளவு கேட்கப்போகிறீர்கள் என்றார் ஒரு கணவர். ஒருத்தியின் குடும்பம் அவளை அண்ணன் வீட்டில் விட்டுவிட்டுப் போன வாரமே பிரிஸ்பேன் போய்விட்டிருந்தது. இலவசம் என்று டாக்டர் சொல்லச் சொல்ல, சந்தேகம் கூடிக்கொண்டே போனது. கடைசியில் வருவதாக ஒப்புக்கொண்டவர்கள் நான்கு பேர். மற்றவர்கள் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்கள்.

சனிக்கிழமை காலை சரோஜாவைக் கூட்டிப்போனேன். முனுசாமியும் பிரியாவும் பின்னால் வந்தார்கள், நான்கடி இடைவெளி விட்டு. தடுப்புக்குள் அவர் பின்னலை நானே சுருட்டி, ராதிகாவின் கிளிப்புகளில் ஆறைக் குத்தி, காஸ் துணியால் உச்சியில் கட்டினேன். கை நிறைய எண்ணெய்.

"எம்மாத்தம் கனம் பாத்தியா" என்றார். "எங்கப்பாரு கோயிலுக்கு மொட்டை போடறேன்னு நேந்துக்கினேன், இந்தச் சீக்கு போனா. முன்னாடியே போட்டிருந்தா சரியாப் போயிருக்கும்போல."

கண்ணாடிக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஜோனே இந்தியில் சொன்னார், மூச்சை இழுங்க, பிடிங்க, விடுங்க. படம் கழுவிக் காயும்வரை, டாக்டரோடு சேர்த்து ஐந்து பேர் அந்தச் சின்ன அறையில் நின்றோம். டாக்டர் மாட்டினார். உருப்பெருக்கிக் கண்ணாடி வைத்து இரண்டு தடவை பார்த்தார். வலப்புறம், இடப்புறம், உச்சி எல்லாம் கறுப்பாக, சுத்தமாக, காற்று மட்டும் இருந்தது.

சரோஜா படத்துக்கு மிக அருகில் போய் நின்றார். அவர் முகத்தில் மகிழ்ச்சி இல்லை.

"இது என்னுதுதானா?" என்று தமிழில் என்னைக் கேட்டார். "மாத்திட்டாங்களா? எனக்காவ மாத்தினியா?"

அவரைக் குறை சொல்ல எனக்கு வாயில்லை. பழைய படத்தையும் பக்கத்தில் மாட்டினேன். இடது காறை எலும்பில் இரண்டிலும் ஒரே இடத்தில் ஒரு முடிச்சு இருந்தது, எப்போதோ உடைந்து கூடிய எலும்பு. சின்ன வயதில் விழுந்தீர்களா என்றேன். கரும்பு லாரியிலிருந்து, பிரியா வயதில், என்றார். முடிச்சின்மேல் விரலை வைத்தார். பிறகு தன் தோளில் அதே இடத்தைத் தொட்டார். இரண்டு மூன்று முறை மாறிமாறித் தொட்டுப் பார்த்தார்.

இரண்டு படங்களையும் தன் கடிதத்தோடு திங்கட்கிழமையே விசா அலுவலகத்துக்கு அனுப்புவதாகவும், மூன்று பேரும் சேர்ந்தே கிளம்பலாம் என்று தான் நம்புவதாகவும் டாக்டர் சொன்னார். முனுசாமி அவர் கையைப் பிடித்துக்கொண்டு இந்தியில் ஏதோ சொன்னார், அழுகையில் எனக்குப் புரியவில்லை. பிறகு ஜோனேயின் கையைப் பிடித்தார். ஜோனே தரையைப் பார்த்தார்.

சரோஜா மண்டியிட்டு உட்கார்ந்து, கதவருகே நின்ற மகளைப் பார்த்துக் கையை நீட்டினார்.

பிரியா வரவில்லை. அப்பாவைப் பார்த்தாள். அப்பா டாக்டரைப் பார்த்தார். டாக்டர் போகலாம் என்று தலையசைத்தார். அப்பா தலையசைத்தார். குழந்தை நான்கடியையும் மெதுவாக நடந்து வந்தாள். அம்மாவுக்கு ஓரடி முன்னால் நின்று, கன்னம் இரண்டும் உப்ப மூச்சைப் பிடித்துக்கொண்டாள். அப்படியே கழுத்தைக் கட்டிக்கொண்டாள். யார் அப்படிச் சொல்லிக்கொடுத்தார்கள் என்று தெரியவில்லை. மகள் மூச்சைப் பிடித்திருப்பது சரோஜாவுக்குத் தெரிந்தது. தெரிந்தும் கையை எடுக்கவில்லை, "விடு கண்ணு" என்றும் சொல்லவில்லை. முதுகைத் தடவிக்கொண்டே இருந்தார்.

நான் எண்ணினேன். பத்து. இருபது. குழந்தையின் காது சிவந்தது. இருபத்தாறாவது எண்ணில் அவளால் முடியவில்லை. அம்மாவின் தோளில் வாயை வைத்தபடி ஒரு பெரிய மூச்சை விட்டாள், பிறகு ஒரு பெரிய மூச்சை உள்ளே இழுத்தாள்.